முழுக்கிலோப் பிள்ளைகள்

வடலிக்குளத்துக்கு மேற்கே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிற கணவாய் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்த காலத்திலும், அந்தக் காற்றை நம்பிக் கம்பெனிக்காரர்கள் எங்கள் தோட்டங்களில் காற்றாலைகளை நட்டு வைத்த காலத்திலும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போலத்தான் இரண்டே முக்கால், மூன்று சொச்சம் என்று கைக்கு வந்த எடையில் பிறந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் புதுத் தராசு வந்து, அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் பெனிட்டா என்ற பெண்ணை உட்காரவைத்த பிறகுதான் முழுக்கிலோவில் பிறக்கத் தொடங்கினார்கள்.

பெனிட்டா கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்து, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டவள். பிறந்த பிள்ளை தராசில் சும்மா கிடக்காது, உதைக்கும், நெளியும். அதனால் தராசு சொல்லும் எடையைச் சில தடவை வாங்கிக் கூட்டி, வகுத்து, அந்தச் சராசரியை ஹாலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பெரிய டிவியில் காட்டுகிறாற்போல அவள் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். வகுக்கிற கணக்கெல்லாம் ஒழுங்காக முடிந்துவிடுமா என்ன? முதல் நாளே ஒரு பெண்பிள்ளைக்கு 3.3333333333333335 என்று டிவியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் எண் ஓடியது. பிள்ளையின் தகப்பன் அதை விரலை வைத்துப் படித்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிட்டான்.

"இத்தன மூணு வரிசையா வந்துட்டுக் கடைசில ஒரு அஞ்சு நிக்கே, அது என்னது? பிள்ளைக்கு எதுவும் கொறை இருக்கா?"

கம்ப்யூட்டர் தனக்குள் எண்ணை வைத்துக்கொள்ளும்போது ஒட்டிக்கொள்கிற தூசி அது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று பெனிட்டா சொன்னாள். தூசியை எதற்கு டிவியில் காட்டுகிறாய் என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரியை நடத்திய தர்ம ட்ரஸ்டின் செயலாளர் ஞானதுரையும் அந்தப் பக்கமாக வந்தவர், "வால வெட்டி விடும்மா. சனங்களுக்கு ஒத்த நம்பர் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காட்டும்போது மட்டும் சுருக்கிக் காட்டு, உள்ளே இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று சொல்ல அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வழி இருக்கிறது. எண்ணையே வெட்டி முழுசாக்கி வைத்துக்கொள் என்று சொல்ல இன்னொரு வழி இருக்கிறது. இரண்டும் ஒரு வரிதான், திரையில் தெரிவதும் ஒன்றுதான். பெனிட்டா அன்று காப்பி ஆறுவதற்குள் இரண்டாவது வழியை எழுதிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிறந்த ஆண்பிள்ளையை, பிரசவ வார்டு நர்ஸ் ரத்தினபாய் முதலில் தன் பழைய பழக்கப்படி துணித்தொட்டில் தொங்குகிற ஸ்பிரிங் தராசில் போட்டுப் பார்த்தாள். இரண்டு கிலோ அறுநூறு. பிறகு புதுத் தராசில் கிடத்தினாள். வெளியே டிவியில் 3 என்று வந்தது. தூக்கும்போது கை கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. பழைய தராசில் மறுபடி போட்டாள், சரியாக மூன்று. சுற்றுவதற்கு எடுத்து வைத்திருந்த துணி பற்றவில்லை, அவள் போய் வேறு துணி எடுத்து வந்தாள்.

இப்படித்தான் அது நடந்தது, நடந்ததை நடந்தபடியே நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டு அறுநூறு மூன்றானபோது மிட்டாய் கொடுத்தோம். இரண்டு நானூறு இரண்டானபோது, தொடையும் கன்னமும் கண்ணுக்கு முன்னாலேயே வற்றிப்போனபோது, பால் குடித்தால் தேறிவிடும் என்று சொல்லிக்கொண்டோம். டாக்டரம்மா ஒரு தடவை எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பிள்ளையிடம் குறைந்தது இன்னொரு பிள்ளையிடம் கூடியிருக்கிறது, ஊர் மொத்தத்துக்குச் சதை ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றார். கேட்க நன்றாக இருந்தது. மொத்தத்தை யாரும் இடுப்பில் தூக்கிச் சுமப்பதில்லை, அவரவர் பிள்ளையைத்தான் சுமக்கிறார்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

பிறகு எங்களுக்கே உரிய புத்தி வேலை செய்தது. மற்ற ஊர்களில் பிள்ளை பிறந்து நாளாகிப் பேர் வைக்கும்போது கட்டுகிற வெள்ளி அரைஞாண் கொடியை நாங்கள் பிரசவ அறைக்கே கொண்டுவந்தோம். பழைய தராசில் போட்டுப் பார்த்து, பாதிக்குக் கீழே நின்றால் பாதியைத் தாண்டுகிற அளவுக்கு ஒரு கொடியைக் கட்டிப் புதுத் தராசில் கிடத்துவது வழக்கமாகிவிட்டது. நகைப் பத்தர் குண்டு குண்டாகக் கொடிகள் செய்து வைத்தார், பிள்ளையோடு சேர்ந்து கொடியும் துளி கனக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். கொடி வாங்க வக்கில்லாதவர்களின் பிள்ளைகள் இரண்டிலேயே நின்றன. பள்ளிக்கூடத்தில் மூணுக்காரர்கள் ஒரு பக்கம், ரெண்டுக்காரர்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள், யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. வருங்காலத்துச் சம்பந்தம் பேசுகிறவர்கள்கூடப் பையன் எத்தனை என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

காற்றாலைகளில் ஏறி ரிப்பேர் பார்க்கிற லிங்கதுரையின் பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்கு ஆனி மாதத்தில், ஆறு மாசக் கர்ப்பத்திலேயே வலி வந்தது. அதற்கு முன் இரண்டு கர்ப்பம் அவளுக்குத் தங்கவில்லை. வந்த பிள்ளை ரத்தினபாயின் உள்ளங்கையில் அடங்கியது. தோல் வெங்காயச் சருகு மாதிரி, உள்ளே ஓடுகிற ரத்தம் தெரிந்தது. பழைய தராசு நானூற்று எழுபது காட்டியது. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, ஒரு கிலோ இருந்தால் எப்படியாவது பார்க்கலாம், இது நிற்காது என்று மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தங்கபுஷ்பத்துக்குக் கேட்டது.

ஒரு கிலோ. அந்த ஊரில் அதற்கு வழியில்லையா என்ன? லிங்கதுரை ஓடிப்போய் பெனிட்டாவின் ஜன்னலைத் தட்டினான்.

"தங்கச்சி, சரியா அரை இருந்தா ஒண்ணாயிரும்லா?"

பெனிட்டா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதானே என்கிற நினைப்பில், "ஆமாண்ணே, அரைன்னா மேலதான் போவும்" என்றாள்.

அவன் வந்து சொன்னான். நூறு கிராம் கொடிதான் அங்கே இருந்தது. அதைக் கட்டினால் அந்தத் தோல் பொறுக்குமா என்று ரத்தினபாய் பயந்தாள். பிள்ளையின் மேல் இரக்கப்பட்டுக் கொடியை அறுத்து, குண்டுகளை உருவி, முப்பது கிராம் மட்டும் வருகிறாற்போல நூலில் கோத்து இடுப்பில் வைத்தாள். ஒரு குண்டு கூடுதலாக வைத்திருக்கலாம். அரை போதும் என்று சொன்ன பிறகு எதற்கு என்று வைக்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் தராசில் உதைக்கும், எண் அலையும், சராசரி இங்கேயோ அங்கேயோ நகரும். இவன் உதைக்கவில்லை. தராசு எத்தனை தடவை கேட்டாலும் அதே அரையைத்தான் சொன்னது. ஹாலில் நின்ற லிங்கதுரை டிவியில் 0 என்று வருவதைப் பார்த்தான்.

உள்ளே பிள்ளை தராசுத் தட்டிலிருந்து எழும்பியது. அவசரமில்லாமல், வெந்நீர்ப் பானையிலிருந்து ஆவி எழும்புகிற வேகத்தில், இடுப்பில் வெள்ளிக் குண்டுகளோடு மேலே போனது. ரத்தினபாய் எட்டிக் காலைப் பிடித்தாள். தங்கபுஷ்பம் படுத்த இடத்திலிருந்து இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க சிஸ்டர், எங்கிட்ட குடுங்க" என்றாள்.

பெனிட்டா அந்த மொழியின் விதிகளை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தாள். சரிபாதியில் நிற்கிற எண்ணை அது எப்போதும் மேலே தள்ளாது. பக்கத்தில் எது இரட்டைப்படையோ அதற்குத் தள்ளும். ஒன்றரை இரண்டாகும், இரண்டரையும் இரண்டுதான் ஆகும், மூன்றரை நான்காகும். எப்போதும் மேலேயே தள்ளினால் மொத்தக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிவிடும் என்பதால், நியாயம் பார்த்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அரைக்கு மேல் பக்கம் ஒன்று இருந்தது, கீழ்ப் பக்கம் பூஜ்யம் இருந்தது, பூஜ்யம் இரட்டைப்படை.

பிள்ளை சாகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கனமே இல்லாத நெஞ்சைத் தூக்கி இறக்க மூச்சுக்கு என்ன சிரமம்? அவன் சுலபமாக மூச்சு விட்டான், பால் குடித்தான், குடித்த பாலும் உள்ளே போனதும் கனமற்றுப் போயிற்று. நீளத்தில் வளர்ந்தான், நகம் வளர்ந்தது, முடி வளர்ந்தது. மாசானம் என்று பேர் வைத்தார்கள். காற்றுக்காவது ஏதோ ஒரு கனம் இருக்கிறது, அவனுக்கு இல்லை. கையை விட்டால் மேலே போய்விடுவான். ஓட்டு வீட்டின் உத்தரத்துக்குக் கீழே பழைய மீன்வலையை விரித்துக் கட்டினார்கள், அவன் அதில் முதுகு பட்டு நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் ஊர் திரண்டு வந்து பார்த்தது, அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது. அப்புறம் பழகிவிட்டது. தங்கபுஷ்பம் மாராப்போடு அவனைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தால், அந்த வீச்சில் பிள்ளை பறந்துவிடக் கூடாதென்று கதவுகளை அடிக்காமல் மெதுவாகச் சாத்துவோம், பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவோம், அதெல்லாம் குறை வைக்கவில்லை. கொஞ்ச நாள் போனதும் கர்ப்பிணிகள் அவளைக் கண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது; யார் வயிற்றில் எத்தனை கிராம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளை நின்றால் எடைக்கு எடை பனங்கருப்பட்டி போடுகிறேன் என்று தங்கபுஷ்பம் கோயிலில் நேர்ந்திருந்தாள். துலாபாரத் தட்டில் மாசானத்தைக் கிடத்தி அவளே கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பூசாரி மறுதட்டில் ஒரு கருப்பட்டியை வைத்தார், அமுக்காமல் சும்மா தொட்டுக்கொள்ளச் சொன்னார். பிள்ளையின் தட்டு மேலே போயிற்று. சின்னச் சில்லாக உடைத்து வைத்தார், அப்போதும் போயிற்று. அந்தச் சில்லையும் எடுத்த பிறகு இரண்டு தட்டும் சமமாக நின்றன.

"நேர்ச்ச தீந்துட்டும்மா," என்றார் பூசாரி. "வேற ஒண்ணும் போட வேண்டாம்."

கருப்பட்டிக் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் அவள் பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாக அழுதாள். சாமிகூடத் தன் பிள்ளைக்கு ஈடாக எதையும் கேட்கவில்லையே என்று அழுதாள்.

மறுநாள் அவள் பிள்ளையோடு பெனிட்டா முன்னால் போய் நின்றாள். பெனிட்டா எழுந்து நின்றுவிட்டாள்.

"நீ வெட்டுனத ஒட்ட வையி. ஒண்ணு கேக்கல. அவனுக்குன்னு இருந்தத குடு."

பெனிட்டா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். இரண்டு தசமத்துக்குக் காட்டு என்று எழுதினாள், 0.00 என்று வந்தது. பத்துத் தசமம் என்று எழுதினாள். புள்ளிக்குப் பிறகு பத்துப் பூஜ்யம் வரிசையாக வந்து நின்றன. ஒன்று என்று நேரடியாகவே திரையில் எழுதிக் காட்டினாள். திரை ஒன்று என்றது, பிள்ளை விட்டத்தில் இருந்தான். பெரிய கொடியைக் கட்டித் தராசில் வைத்து, வெட்டுகிற வரியை மறுபடி ஓடவிட்டாள். கொடிதான் கனத்தது, பிள்ளைக்கு ஒரு கிராம்கூட ஒட்டவில்லை.

"அக்கா, காட்டுதத எப்படி வேணாலும் மாத்தலாம்," என்றாள் பெனிட்டா. "வெட்டுனதுக்குப் பெறவு உள்ள வெறும் பூஜ்யந்தான் இருக்கு. அதுக்கு எத்தன புள்ளி வச்சாலும் பூஜ்யமாத்தான் வரும். வெட்டுனது எங்கயும் இல்லக்கா."

"நீதான ஆமான்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன்."

அன்றைக்கே பெனிட்டா யாரையும் கேட்காமல் அந்த வரியை எடுத்துவிட்டாள். இனிமேல் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், காட்டும்போது மட்டும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டும். பிள்ளைகள் மறுபடி இரண்டே முக்காலாகவும் மூன்று சொச்சமாகவும் பிறந்தன. நீங்கள் நினைப்பீர்கள், ஊர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும் என்று. எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது.

இரண்டு எழுநூறில் பிள்ளை பெற்றவர்கள், எங்கள் முந்நூறு கிராம் எங்கே என்று கேட்டார்கள். வெள்ளிக்கொடி வாங்கி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். மூத்தவன் மூணுக்காரன், இளையவனுக்கு மட்டும் ஏன் இந்தப் புள்ளியும் வாலும் என்று ஒருத்தி ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கூடியது. ஒரு பூஜ்யத்துக்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குறையோடு பிறக்கணுமா என்று ஒருவர் கேட்டார், நல்ல மனுஷன், யாருக்கும் தீங்கு நினைக்காதவர், அவர் கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டினோம். லிங்கதுரையும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான், அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செயலாளர் ஞானதுரை பெனிட்டாவைக் கூப்பிட்டு, பழையபடியே இருக்கட்டும், நாளைக்குள் மாற்றிவிடு என்றார்.

அந்த மத்தியானம் லிங்கதுரையும் தங்கபுஷ்பமும் பெனிட்டாவின் அறைக்கு வந்தார்கள். ஆடிக்காற்று ஜன்னல் கம்பியில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையைக் கட்டியிருந்த சேலைத்தலைப்பு மேல்நோக்கி விறைத்து நின்றது, அவன் வயிற்றிலும் கக்கத்திலும் முடிச்சுப் பதிந்து காய்த்துப்போயிருந்தது.

"பெனிட்டா, கொஞ்சமா வெட்டுத மாதிரி பெருசாவும் வெட்டுமா அது?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"வெட்டும்க்கா. பத்துக்கு வெட்டலாம், நூறுக்கு வெட்டலாம். தசமம் எத்தனைன்னு கேக்குத எடத்துல மைனஸ் போட்டாப் போதும்."

"நூறுக்கு வெட்டுனா நான் என்னாவேன்?"

பெனிட்டா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தங்கபுஷ்பம் நாற்பத்து மூன்று கிலோ. கர்ப்பத்தில் சோதனைக்கு வந்தபோதெல்லாம் தரைத் தராசில் ஏற்றி நிறுத்ததுதான், அந்தத் தராசும் இதே கம்ப்யூட்டரோடுதான் இணைந்திருந்தது.

"சொல்லு."

"பூஜ்யம்."

"அத எனக்குப் போடு."

"அக்கா, வேண்டாம்க்கா. தெரிஞ்சே எப்படிப் போடச் சொல்லுதிய."

"அவன் மோட்டுல ஒத்தைக்குக் கெடக்கான். இழுத்துக் கட்டிப் பால் குடுக்கேன், கட்ட அவுத்தா போயிருதான். அவனுக்குக் கயிறுதான் தெரியும், அம்மையத் தெரியாது. நீ நாளைக்கு ஊருக்கு வெட்டத்தான போற? இன்னைக்கு எனக்கு வெட்டு."

கதவில் சாய்ந்து நின்ற லிங்கதுரை, "நான் எழுவத்திரண்டு கிலோ. எனக்கு என்ன வரும்?" என்றான்.

"உங்களுக்கு நூறு வரும்ணே."

அவன் "அப்ப ரெண்டு பேரையும் பிடிச்சுக்கிடலாம்" என்றான்.

பெனிட்டா அந்த வரியை எழுதினாள். லிங்கதுரை முதலில் ஏறினான், 100 என்று வந்தது. இறங்கும்போது செருப்பின் வார் அறுந்தது. காற்றாலையில் ஏறும்போது போட்டுக்கொள்கிற இடுப்புப் பெல்ட்டைக் கட்டி, அதன் வளையத்தில் கயிற்றின் ஒரு நுனியை மாட்டினான். மறுநுனியைத் தங்கபுஷ்பத்தின் இடுப்பில் அவனே முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தான். அவள் பிள்ளையைக் கட்டியிருந்த சேலைத்தலைப்பை அவிழ்த்துவிட்டு, அவனை வெறுமனே கையில் ஏந்திக்கொண்டு தராசில் ஏறினாள். காலடியில் தராசு விலகிப் போனபோது மாசானம் அவள் தோளில் தலையைச் சாய்த்தான், அங்கேயே கிடந்தான்.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் மறுபடி முழுக்கிலோவில் பிறந்தன, ஊர் அமைதியாயிற்று. லிங்கதுரை தெருவில் நடந்தால் நடை அதிரும். அவன் தலைக்கு மேலே, சில நாள் கூரை உயரத்தில், காற்று ஏறிய நாளில் தென்னை உயரத்தில், அவன் பெண்டாட்டி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம். மின்கம்பிப் பக்கம் போகாதே என்று சொல்லிவிடுவோம். காற்றாலை ஏணி அவனைத் தாங்காது என்று கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியது. ஊர்தான் அவனைக் கைவிடவில்லை, கல்யாணப் பந்தல் காற்றில் பறக்காமலிருக்க மூலைக்காலில் அவனை உட்காரச் சொல்லிச் சோறு போட்டது. அவனும் உட்கார்ந்தான். இரவில் வீட்டில் அவன் தரையில் படுப்பான், கட்டில் தாங்காது. அவர்கள் உத்தரத்துக்குக் கீழே வலையில் முதுகு பட்டுப் படுப்பார்கள். விளக்கை அணைக்கிற வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

எழுபத்திரண்டு கிலோவுக்கென்று வந்த எலும்பு நூறைச் சுமந்தது. முதலில் முட்டி போயிற்று, அப்புறம் இடுப்பு, அப்புறம் மூச்சு வாங்கியது. படுத்துக்கொள் என்று டாக்டரம்மா சொன்னார். நான் படுத்தால் இவர்களை யார் வெளியே கூட்டிப்போவது, பிள்ளை வெயில் பார்க்க வேண்டாமா என்றான் அவன். மாசானம் ஓரிரு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தான். அடுத்த ஆடியும் போய், அதற்கடுத்த ஆடியில் ஒரு நாள், குளத்தங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது லிங்கதுரை அப்படியே கால் மடங்கி உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தங்கபுஷ்பம் ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையாலும் பல்லாலும் கயிற்றைப் பற்றி இழுத்து இழுத்து இறங்கி வந்து, அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தபோது முகம் குளிர்ந்திருந்தது.

அடக்கத்துக்கு ஊர் கூடியது. செத்தவன் இடுப்பில் கயிறு இருக்கக் கூடாது, அரைஞாணைக்கூட அறுத்துவிட்டுத்தான் குழியில் இறக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். பெரியவர் ஒருவர் அரிவாளை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"அத அறுத்தா நாங்க எங்க போவோம் மாமா?" என்று மேலிருந்து தங்கபுஷ்பம் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, காற்றில் எல்லோருக்கும் கேட்டது.

கோயில் தூணில் கட்டலாம் என்றார் ஒருவர். காற்றாலைக் காலில் கட்டலாம், கம்பெனியிடம் பேசுவோம் என்றார் இன்னொருவர். நல்லதற்குத்தான் சொன்னார்கள். பெனிட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பிணத்தின் இடுப்புப் பெல்ட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்; அவளை இழுத்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் பெரியவர் அரிவாளைக் கீழே வைத்தார். கயிற்றோடேயே இறக்கினார்கள். நூறு கிலோவை இறக்கக் கை மாற்றிக் கை மாற்றி ஆள் வேண்டியிருந்தது. மண்ணைத் தள்ளி மிதித்தபோது கயிறு மட்டும் மண்ணுக்குள்ளிருந்து விறைப்பாக மேலே போய்க்கொண்டிருந்தது.

பெனிட்டா தினமும் வேலை முடிந்து சோற்றுத் தூக்கோடு இடுகாட்டுக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் அவள் எழுதிய வரி அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் ஊர் விடாது. கயிற்றை லேசாக அசைத்தால் தங்கபுஷ்பம் பிள்ளையோடு இறங்கி வருவாள். அவர்கள் கீழே இருக்கிற நேரம் முழுக்கக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள பெனிட்டா வேண்டும். மாசானம் இப்போது நன்றாகப் பேசுகிறான். நேற்று அவன் சோற்றை மென்றுகொண்டே, மண்ணுக்குள் போகிற கயிற்றைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"யம்மா, கீழ யாரு பிடிச்சிருக்கா?"

"ஒங்கப்பா."

"கை வலிச்சா விட்டுருவாவளா?"

தங்கபுஷ்பம் அவன் வாயைத் துடைத்துவிட்டு, "விடமாட்டாவ, நீ சாப்பிடு" என்றாள்.